கட்டுரைக்குப் பணம் உண்டு, இதழுக்கு? தென்னாப்பிரிக்காவின் ஆய்விதழ்க் கொள்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் சனிக்கிழமைகளில் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்பு முடிந்ததும் பெற்றோர்கள் தேநீரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். நான் பல ஆண்டுகள் ஒரு சமூக வரலாற்று ஆய்விதழின் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். வந்த கட்டுரைகளைப் பதிவு செய்வது, மதிப்பாய்வாளரைத் தேடுவது, மெய்ப்புப் பார்ப்பது எல்லாம் என் வேலை. அது தெரிந்த நாளிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பிள்ளை முனைவர் பட்டம் படிக்கிறாள், கட்டுரை போடச் சொல்கிறார்கள், எங்கே போடுவது என்று ஒரு தாய் கேட்பார். நம் சங்கமே ஓர் ஆய்விதழ் தொடங்கினால் என்ன என்று ஒரு பெரியவர் கேட்பார். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

ஆய்விதழுக்கும் எங்கள் கோயில் மலருக்கும் என்ன வித்தியாசம்?

கோயில் மலரில் வரும் கட்டுரையை மலர்க்குழு படித்துப் போடும். ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை, அந்தத் துறை தெரிந்த வெளியாட்கள் இரண்டு மூன்று பேர் படித்துக் குறை சொல்வார்கள். பல இதழ்களில் எழுதியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சொன்னதைத் திருத்தி, இதழாசிரியர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அச்சேறும். இதைத்தான் சக மதிப்பாய்வு என்கிறோம். மலர் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. நம் கோயில்களின் பழைய மலர்களில் இருக்கும் செய்திகள் வேறெங்கும் கிடைக்காதவை. ஆனால் அரசின் கணக்கில் மலர் வராது.

ஆய்விதழ் பற்றி அரசு எதற்காகக் கொள்கை வகுக்க வேண்டும்? நல்ல கட்டுரை எங்கே வந்தாலும் சரிதானே?

சரிதான், ஒரு பாதி வரைக்கும். இயற்பியலில் ஒரு கண்டுபிடிப்பை லண்டனில் வெளியிட்டாலும் டர்பனில் வெளியிட்டாலும் அது ஒன்றுதான். ஆனால் க்வாசூலு-நட்டாலின் கரும்புத் தோட்டத் தொழிலாளர் வரலாறு, இங்குள்ள காசநோய், இங்குள்ள நிலச் சட்டம், சூலு மொழியின் இலக்கணம் இவற்றையெல்லாம் வெளிநாட்டு இதழ்கள் தங்கள் வாசகருக்குத் தேவைப்படும் அளவுக்குத்தான் போடும். உள்ளூர்க் கேள்வியை உள்ளூரில் விவாதிக்க இடம் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்பதையே ஆய்வாளர்கள் விட்டுவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. ஒரு கட்டுரையை மதிப்பாய்வு செய்யவும் செப்பனிடவும் தெரிந்தவர்கள் தானாக உருவாக மாட்டார்கள், இதழ் இருக்கும் இடத்தில்தான் உருவாவார்கள். நானே அப்படி உருவானவன்தான்.

தென்னாப்பிரிக்காவில் இப்போது இருக்கும் கொள்கை என்ன?

அடிப்படை எளிது. அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவர், அங்கீகாரம் பெற்ற இதழில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டால், உயர்கல்வி மற்றும் பயிற்சித் துறை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மானியம் கொடுக்கிறது. இந்த வழக்கம் 1980களின் நடுவில் தொடங்கியது. 2003இல் புதிய கொள்கை வந்தது. இப்போது எல்லோரும் மேற்கோள் காட்டுவது 2015இல் அரசிதழில் வெளியான ஆய்வு வெளியீட்டுக் கொள்கையை.

கணக்கு அலகில் போகும். ஓர் ஆய்விதழ்க் கட்டுரைக்கு 1 அலகு, மாநாட்டுத் தொகுப்புக் கட்டுரைக்கு அரை அலகு. ஆய்வு நூல் ஒன்றுக்கு அதிகபட்சம் 10 அலகு வரை கிடைக்கும். 2015க்கு முன் நூலுக்கு 5தான் இருந்தது. வரலாறு, மொழி, சமயம் என்று எழுதுகிறவர்களுக்கு இந்த மாற்றம் பெரிய விஷயம், ஏனென்றால் அவர்கள் உழைப்பு நூலாகத்தான் திரளும். தலையங்கம், நூல் மதிப்புரை, வாசகர் கடிதம் இவற்றுக்கு அலகு கிடையாது. ஒரு நல்ல நூல் மதிப்புரை எழுத ஒரு மாதம் ஆகும். அதற்கு மதிப்பே இல்லை என்பதால் இங்கே நல்ல மதிப்புரை எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

பலர் சேர்ந்து எழுதினால் அலகைப் பங்கு போடுவார்கள். உதாரணமாக மூன்று பேர் எழுதிய கட்டுரையில் ஒருவர் டர்பனில், ஒருவர் ஜோகன்னஸ்பர்க்கில், ஒருவர் சென்னையில் இருந்தால், இங்குள்ள இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு வீதம் போகும். சென்னைப் பங்குக்கு இங்கே யாருக்கும் பணம் இல்லை.

அந்தப் பணம் எழுதியவர் கைக்கு வருமா?

வராது. பல்கலைக்கழகத்துக்குத்தான் வரும். ஓர் அலகுக்கு ஒரு லட்சம் ராண்டுக்கு மேல் என்பதால் தொகை சின்னதல்ல. சில பல்கலைக்கழகங்கள் அதில் ஒரு பகுதியை ஆய்வாளரின் ஆய்வுக் கணக்கில் போடுகின்றன. அதை மாநாட்டுக்குப் போக, மாணவருக்கு உதவித்தொகை கொடுக்க, கருவி வாங்கச் செலவழிக்கலாம். உங்கள் பல்கலைக்கழகத்தில் என்ன வழக்கம் என்று ஆய்வு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

சரி, இதழை நடத்துகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்?

இந்தப் பக்கத்தையே நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இந்தக் கேள்விதான்.

இந்த மானியத்திலிருந்து ஒரு ராண்டுகூட நேராக இதழுக்குப் போகாது. ஓர் இதழ் வருடத்துக்கு இருபது கட்டுரை போட்டால், எழுதியவர்கள் எல்லோரும் இங்குள்ள பல்கலைக்கழகத்தவர் என்றால், அந்த இருபதுக்கும் சேர்த்து இருபது லட்சம் ராண்டுக்கு மேல் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறது. அந்த இருபதையும் தேடி, மதிப்பாய்வு செய்ய வைத்து, திருத்தி, பக்கம் கட்டி வெளியிட்ட இதழ், தபால் செலவுக்குக் கணக்குப் பார்க்கிறது. நான் இருந்த அலுவலகத்தில் இதழாசிரியராக இருந்த பேராசிரியர் பகலில் வகுப்பெடுத்துவிட்டு இரவில் கட்டுரை படிப்பார். அவருடைய இதழ்ப்பணி எந்த அலகிலும் வரவில்லை. பணி உயர்வுக்கான படிவத்தில் அதைச் சொல்ல இரண்டு வரி இடம்தான் இருந்தது. மதிப்பாய்வு செய்பவர்களுக்கும் அப்படியே. ஒரு கட்டுரைக்கு ஏழெட்டுப் பேருக்கு எழுதிக் கேட்டு, இரண்டு பேர் ஒத்துக்கொண்ட நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

ஆக, கொள்கை எழுதுகிறவரை ஊக்குவிக்கிறது, இதழை உருவாக்குகிறவரை அவர்களுடைய நல்ல மனதுக்கு விட்டுவிடுகிறது. கட்டுரைகளின் எண்ணிக்கை ஏறுகிறது, அவற்றைத் தாங்கும் தோள்கள் அதே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. தேசிய அளவில் ஆய்விதழ்களை வளர்க்க வேண்டும் என்று எந்த நாடு யோசித்தாலும் முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இதழாசிரியர் பணிக்கு அலகு கொடுக்கலாம். மானியத்தில் சிறு பங்கை இதழுக்குத் திருப்பலாம். பாடவேளையைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எந்த இதழ் அங்கீகாரம் பெற்றது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உயர்கல்வித் துறை ஏற்கும் இதழ்ப் பட்டியல்கள் பல. வெப் ஆஃப் சயன்ஸ், ஸ்கோபஸ், சமூக அறிவியலுக்கான ஐ.பி.எஸ்.எஸ்., நார்வே நாட்டுப் பட்டியல், சைலோ தென்னாப்பிரிக்கா, இலவசமாகப் படிக்கக் கூடிய இதழ்களுக்கான டி.ஓ.ஏ.ஜே. ஆகியவற்றோடு, தென்னாப்பிரிக்க இதழ்களுக்கென்று துறையே வைத்திருக்கும் தனிப் பட்டியலும் உண்டு. பட்டியல்கள் ஆண்டுதோறும் மாறும். போன வருடம் இருந்தது இந்த வருடம் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். உங்கள் பல்கலைக்கழக நூலகரிடம் இந்த ஆண்டுப் பட்டியலைக் கேளுங்கள், ஐந்து நிமிட வேலை.

துறையின் சொந்தப் பட்டியலில் ஓர் இதழ் சேர வேண்டுமானால் ஐ.எஸ்.எஸ்.என். என்ற இதழ் அடையாள எண் வேண்டும், சொன்ன காலத்தில் தவறாமல் வர வேண்டும், மதிப்பாய்வு நடந்ததற்குச் சான்று வேண்டும், ஆசிரியர் குழு ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. இதற்கெல்லாம் மேலே ஒரு நிபந்தனை இருக்கிறது. கட்டுரைகளில் 75 சதவீதமாவது பல நிறுவனங்களிலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகத் துறை தன் ஆட்களின் கட்டுரையைத் தானே போட்டு மானியம் வாங்குவதைத் தடுக்க வந்த விதி அது. நல்ல விதி. ஆனால் ஆய்வாளர்கள் குறைவாக உள்ள சின்ன ஆய்வுத் துறைகளுக்கு அது எவ்வளவு பாரம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அசாஃப், அசாஃப் என்கிறார்களே, அது யார்?

தென்னாப்பிரிக்க அறிவியல் கழகம். 1996இல் தொடங்கியது, 2001ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டின் அதிகாரபூர்வ அறிவியல் கழகமானது. ஆய்விதழ்களைப் பற்றி இந்த நாட்டில் ஆழமாக யோசித்தவர்கள் இவர்கள்தான். 2006இல் இவர்கள் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் ஆய்வு வெளியீட்டு நிலையை முழுசாக ஆராய்ந்து பத்துப் பரிந்துரைகளைச் சொன்னது. அதிலிருந்து பல காரியங்கள் கிளைத்தன. இதழாசிரியர்கள் கூடிப் பேச ஒரு தேசிய மன்றம் வந்தது. நல்ல நடைமுறைக்கான நெறிக்கோவை 2008இல் வந்தது. 2009இல் சைலோ தென்னாப்பிரிக்கா தொடங்கியது. பிரேசிலில் பிறந்த சைலோ முறையின் கிளை அது. தேர்ந்தெடுத்த உள்ளூர் இதழ்களை முழுக்க இலவசமாக இணையத்தில் படிக்கக் கொடுக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய துறைவாரி மதிப்பாய்வு. சட்ட இதழ்கள், வரலாற்று இதழ்கள், மருத்துவ இதழ்கள் என்று பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் நிபுணர் குழு அமைத்து, ஒவ்வோர் இதழையும் பெயர் சொல்லி எடைபோட்டு, அந்த அறிக்கையை யாரும் படிக்கும்படி வெளியிடுவார்கள். எண்ணை மட்டும் வைத்துத் தரம் சொல்லாமல், இதழைக் கையிலெடுத்துப் படித்துச் சொல்வது. இது மெதுவான வேலைதான். மெதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதழ்களை இணையத்தில் வெளியிட குலிசா என்று ஒரு தளமும் வைத்திருக்கிறார்கள். சூலு மொழியில் வளர்த்தெடுப்பது என்று பொருள். சின்ன இதழ்கள் அங்கே இடம் கேட்கலாம்.

கட்டுரை அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது, பத்து நாளில் போடுவார்களாம். அனுப்பலாமா?

வேண்டாம்மா. பத்து நாளில் மதிப்பாய்வு நடக்காது.

எங்கள் வகுப்பில் உதவி செய்த ஒரு பெண்ணுக்கு இது நடந்தது. பீனிக்ஸ் பகுதியில் நடக்கும் மாரியம்மன் கூழ் வழிபாடு பற்றி இரண்டு வருடம் களப்பணி செய்து எழுதிய கட்டுரை. கணிசமான தொகையைக் கட்டினாள். ஒரே வாரத்தில், ஒரு வரிகூடத் திருத்தாமல் வந்துவிட்டது. அவள் பெயரிலேயே எழுத்துப்பிழை. பின்னால் அதே கட்டுரையை நல்ல இதழுக்கு அனுப்ப முடியவில்லை, ஏற்கனவே வெளியானதாயிற்றே. இரண்டு வருட உழைப்பு அப்படியே போனது. அவள் அழுததைப் பார்த்தவன் நான். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இது ஒருவருடைய ஏமாளித்தனம் இல்லை. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 2005 முதல் 2014 வரை தென்னாப்பிரிக்கர்கள் எழுதிய 4,246 கட்டுரைகள், போலி என்று சந்தேகிக்கத்தக்க 48 இதழ்களில் வந்திருந்தன. அந்த இதழ்கள் அப்போது அங்கீகாரப் பட்டியல்களில் இருந்தன என்பதுதான் கொடுமை. கட்டுரைக்கு இவ்வளவு என்று பணம் வைத்தால், கட்டுரை உற்பத்தி செய்யும் கடைகள் முளைக்கும். எண்ணிக்கைக்கு விலை வைக்கும் எந்தக் கொள்கைக்கும் இந்த ஆபத்து உண்டு.

அனுப்பும் முன் பாருங்கள்: ஆசிரியர் குழுவில் இருப்பவர்களில் ஒருவரையாவது உங்கள் மேற்பார்வையாளருக்குத் தெரியுமா? பழைய இதழ் ஒன்றை எடுத்துப் படித்தால் கட்டுரைகள் ஒரே துறையைச் சேர்ந்தவையா, இல்லை கோழி வளர்ப்பும் கம்பராமாயணமும் ஒரே இதழில் இருக்கின்றனவா? கட்டணத்தை எப்போது சொல்கிறார்கள்? சந்தேகம் இருந்தால் நூலகரிடம் போங்கள்.

கட்டணம் கேட்கும் இதழ் எல்லாமே போலியா?

இல்லை. திறந்த அணுக்க இதழ்கள், அதாவது வாசகர் காசு கொடுக்காமல் படிக்கக் கூடியவை, செலவை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். சில இதழ்கள் எழுதியவரிடம் கேட்கின்றன. நல்ல உள்ளூர் இதழ்களும் அப்படிப் பக்கக் கட்டணம் வாங்குவதுண்டு, பெரும்பாலும் பல்கலைக்கழகம் கட்டிவிடும். இன்னொரு வகை, வாசகரும் கட்டாமல் எழுதியவரும் கட்டாமல் நடப்பது. அதை வைர வழி என்கிறார்கள். அதைப் பற்றிய உலக மாநாடு 2024 டிசம்பரில் கேப்டவுனில் நடந்தது. ஆப்பிரிக்காவுக்கு ஏற்ற வழி அதுதான் என்று நினைக்கிறேன், யாராவது தொடர்ந்து செலவை ஏற்றுக்கொண்டால்.

ஆய்வுகளுக்கு நிதி கொடுக்கும் அரசு அமைப்பான தேசிய ஆய்வு அறக்கட்டளையின் பணத்தில் நடந்த ஆய்வு என்றால், கட்டுரையின் ஏற்கப்பட்ட படியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போட வேண்டும் என்று 2015 முதல் விதி இருக்கிறது. அப்படிப் போடுவதற்குக் கட்டணம் இல்லை.

ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ஆய்விதழ்கள் இருக்கின்றனவே. தமிழில் ஏன் இல்லை?

வலிக்கும் கேள்விதான், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி.

ஆப்பிரிக்கான்ஸுக்கு 1909இலேயே ஒரு கழகம் அமைந்தது. 1925இல் ஆட்சிமொழி ஆனது. 1961இல் அந்தக் கழகம் மானிடவியல் புலங்களுக்கென்று தொடங்கிய காலாண்டிதழ் இன்றும் வருகிறது. அந்த மொழியில் பள்ளி, பல்கலைக்கழகம், அகராதி, பாடநூல், பேராசிரியர் வேலை எல்லாம் இருந்தன. இனவெறி அரசு மற்ற மொழிகளுக்கு மறுத்ததையெல்லாம் அதற்குக் கொடுத்தது. அந்த அநீதியை மறக்க முடியாது. ஆனாலும் நாம் கற்க வேண்டியதும் அதில் இருக்கிறது. ஒரு மொழியில் ஆய்விதழ் நிற்க வேண்டுமானால் அதன் பின்னால் அறுபது எழுபது ஆண்டு ஏற்பாடு வேண்டும்.

நமக்கு என்ன இருந்தது? 1860 நவம்பர் 16இல் ஒப்பந்தக் கூலிகளோடு மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. 1903இல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தியோடு தமிழும் இருந்தது. சில ஆண்டுகளிலேயே தமிழ்ப் பகுதி நின்றது. தமிழில் எழுதவும் அச்சுக் கோக்கவும் ஆள் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். 1908இல் பி.எஸ். ஐயர் ஆப்பிரிக்கன் க்ரானிக்கிள் என்ற பத்திரிகையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தார். 1961இல் டர்பன் துறைமுகத்திலுள்ள சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று பல்கலைக்கழகக் கல்லூரி வந்து, அது டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமானது. அங்கே தமிழ் கற்பித்தார்கள். பிறகு இந்திய மொழிகளுக்கான இடம் சுருங்கியது. 2004இல் அது நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆனது.

நூறாண்டுக்கு முன்னும் ஆள்தான் இல்லை. இப்போதும் ஆள்தான் இல்லை. அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, தமிழ் உள்ளிட்ட சமூக மொழிகளை மொழி வாரியம் வளர்க்க வேண்டும், மதிக்கச் செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறது. அந்த வரியை நான் வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் அந்த வரிக்கும் ஆய்விதழ் மானியத்துக்கும் நடுவில் இன்னும் பாலம் கட்டப்படவில்லை.

அப்படியானால் நம் சங்கம் ஓர் ஆய்விதழ் தொடங்கலாமா?

இப்போதே வேண்டாம் என்பேன். ஆர்வத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, ஐயா. முதல் இதழ் வெளியீட்டு விழா அருமையாக நடக்கும். இரண்டாவது இதழும் வரும். மூன்றாவது இதழுக்குக் கட்டுரை தேடும்போதுதான் தெரியும்.

75 சதவீத விதியை இப்போது நினைத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்கத் தமிழர் பற்றி ஆராய்பவர்கள் மிகச் சிலர், அவர்களிலும் கணிசமானோர் டர்பனைச் சுற்றியே இருக்கிறார்கள். தமிழிலேயே மதிப்பாய்வு செய்யக் கூடியவர்கள் இன்னும் குறைவு. ஒரே ஊரில் எழுதுகிறவரும் மதிப்பாய்வு செய்கிறவரும் தினம் பார்த்துக்கொள்பவர்களாக இருந்தால் அது மதிப்பாய்வாக இருக்காது.

என் யோசனை வேறு. மொரிசியஸ், ரியூனியன், மலேசியா, இலங்கை, ஃபிஜி இங்கெல்லாம் ஒப்பந்தக் கூலிகளாகவும் தோட்டத் தொழிலாளர்களாகவும் போன தமிழர்களின் வரலாறு ஒன்றோடொன்று பேசக் கூடியது. அந்த நாடுகளின் ஆய்வாளர்களைச் சேர்த்துக்கொண்டு, முதலில் ஏற்கனவே நடக்கும் நல்ல வரலாற்று இதழ் ஒன்றில் சிறப்பிதழ் கேளுங்கள். சிறப்பிதழ் என்றால் ஆறேழு கட்டுரை. ஆசிரியர் குழு, தளம், அங்கீகாரம் எல்லாம் அவர்களிடம் இருக்கும். நாம் கொடுக்க வேண்டியது கட்டுரையும் மதிப்பாய்வாளரும். அப்படி இரண்டு மூன்று சிறப்பிதழ் முடித்தால் இதழ் நடத்தும் கை நமக்கு வந்திருக்கும். அப்புறம் தொடங்கலாம். அன்றைக்குப் பிரிட்டோரியாவில் இருக்கும் தேசிய நூலகத்திடம் ஐ.எஸ்.எஸ்.என். எண் கேட்டால் இலவசமாகவே கொடுப்பார்கள். மென்பொருளும் ஓ.ஜே.எஸ். என்று இலவசமாகக் கிடைக்கிறது. அதெல்லாம் கடைசியில் வரும் சின்ன வேலைகள்.

கட்டுரையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?

இன்றைய நிலையில் மானியக் கணக்குக்கு வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஆனால் கட்டுரைக்குள் தமிழ் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே கொடுங்கள், சுருக்கத்தைத் தமிழிலும் எழுதிச் சேர்க்க முடியுமா என்று இதழாசிரியரிடம் கேளுங்கள். நாங்கள் ஒருமுறை அப்படிப் போட்டோம். கட்டுரையில் பேட்டி கொடுத்த பாட்டி, மவுண்ட் எட்ஜ்கோம்ப்பில் தன் பேரன் வீட்டில் உட்கார்ந்து, அந்தப் பத்து வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

ஒரு வாரம் அதைத் தொடாதீர்கள். பிறகு மதிப்பாய்வுக் குறிப்பை எடுத்து, நியாயமான குறைகளைத் திருத்தி, வேறோர் இதழுக்கு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

நான் ஆய்வாளர் இல்லை, தமிழ் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். என்னால் ஏதாவது உதவி உண்டா?

நிறைய உண்டு. தமிழ்க் கையெழுத்தைப் படிக்கத் தெரியாமல் எத்தனையோ ஆய்வுகள் பாதியில் நிற்கின்றன. உங்கள் வீட்டில் பழைய திருமண அழைப்பிதழ், சங்கத்தின் கணக்கு நோட்டு, நாடக நோட்டீஸ், தாத்தாவின் கடிதம், காவடிச் சிந்து எழுதிய நோட்டுப் புத்தகம் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கேளுங்கள். கொடுக்கும் முன் ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதிவிடுங்கள். மையினால் எழுத வேண்டாம், தாளில் ஊறிவிடும். படித்துச் சொல்ல விருப்பம் இருந்தால் சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு வகுப்புக்கு வாருங்கள், கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.